உஷ் அண்ணனும் என் வண்டியின் காய்ச்சலும்

இந்தியாவிலேயே இரைச்சல் ஓயாத சாலை ஒன்றின் ஓரத்தில் கடை போட்டுக்கொண்டு, வருகிறவர் போகிறவர் எல்லோரையும் வாயை மூடச் சொல்லியே பிழைப்பு நடத்துகிற ஒரே மனிதர் எங்கள் உஷ் அண்ணன்தான். சந்தேகம் உள்ளவர்கள் ஓசூருக்கு வந்து விசாரித்துக்கொள்ளலாம். கொஞ்சம் மெதுவான குரலில் விசாரிக்க வேண்டும், அவ்வளவுதான்.

தளி ரோட்டில் அவருடைய ஒர்க்‌ஷாப். இடது பக்கம் வெல்டிங் பட்டறை, வலது பக்கம் இரும்புக் கடை, எதிரே கல்யாண மண்டபம். நடுவில் சிப்காட்டுக்குப் போகும் லாரியும் கம்பெனி பஸ்ஸும் விடிந்ததிலிருந்து ஓடிக்கொண்டிருக்கும். இந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டுதான் அவர் வண்டிகளுக்குள்ளிருந்து வரும் சின்னச் சின்னச் சத்தங்களைக் கேட்டு நோய் கண்டுபிடிப்பார். கண்ணை மூடுவார். தலையை வலது பக்கம் சாய்ப்பார். ஆள்காட்டி விரலை உயர்த்துவார். பிறகு, "உஷ்!"

அவர் நிஜப் பெயர் என்ன என்று யாருக்கும் தெரியாது. கடைப் பலகையைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்றால், அதில் பெயர் இல்லை. "ஹாரன் அடிக்காதீர்" என்று மட்டும் சிவப்பு எழுத்தில் இருக்கும். அதுதான் கடையின் பெயர் என்று நினைத்து, பெங்களூரிலிருந்து உதிரிபாகம் அனுப்புகிறவர்கள் 'ஹாரன் அடிக்காதீர், தளி ரோடு, ஓசூர்' என்றே பார்சலில் எழுதி அனுப்பினார்கள். பார்சலும் ஒழுங்காக வந்து சேர்ந்தது.

ஒரு தேர்தல் சமயம். வேட்பாளர் திறந்த ஜீப்பில் கும்பிட்டபடி வந்துகொண்டிருந்தார். முன்னால் ஒலிபெருக்கி, பின்னால் பட்டாசு. அண்ணன் ஒரு வேன் எஞ்சினுக்குள் தலையை விட்டிருந்தவர், அப்படியே நிமிர்ந்து நடுரோட்டுக்குப் போய் விரலை உயர்த்தினார். "உஷ்!"

என்ன காரணமோ, மைக்கில் கத்திக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார். பட்டாசுக்காரர் தீக்குச்சியை அணைத்துவிட்டார். வேட்பாளர் கும்பிட்ட கையோடு குனிந்து, "என்னங்கண்ணே, எதாச்சும் குறை இருக்குதுங்களா?" என்று கேட்டார். குடிதண்ணீர்ப் பிரச்சினை என்று எதிர்பார்த்திருப்பார் போல.

"இருக்குதுங்க. உங்க ஜீப்பு பின்சக்கரத்துல பேரிங் போயிடுச்சு. ஊர்வலத்த இங்கயே நிறுத்திக்குங்க."

வேட்பாளர் இறங்கி நடந்தே வாக்கு கேட்டார். அந்தத் தெருவில் முதன்முதலாக ஒரு வேட்பாளர் வீடு வீடாக நடந்து வந்தது அன்றைக்குத்தான். ஜெயித்தாரா என்று கேட்காதீர்கள். சக்கரம் கழலவில்லை.

இன்னொரு பழக்கமும் உண்டு. வண்டிகளோடு பேசுவார். எல்லை ஊர் மெக்கானிக் என்பதால் அதிலும் ஒரு முறை வைத்திருந்தார். கர்நாடகப் பதிவு வண்டியோடு கன்னடம், ஆந்திர வண்டியோடு தெலுங்கு, நம்மூர் வண்டியோடு தமிழ். "பொறந்த ஊரு பேச்சுல கேட்டாத்தான் சார் உள்ளதச் சொல்லும்" என்பார். சிரிக்காமல் சொல்வார். நாமும் சிரிக்கக் கூடாது.

எனக்கும் அவருக்கும் பழக்கம் ஏற்பட்டது என் காரால். பதினேழு வயதான டீசல் கார். பெங்களூரில் இரண்டு பேரிடம் வாழ்க்கைப்பட்டு, மூன்றாவதாக என்னிடம் வந்தது. வந்த புதிதில் ஒழுங்காக இருந்தது. பிறகு இரண்டு கோளாறு. கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்கு ஏறி வரும்போது, சூளகிரி தாண்டினால் போதும், டெம்பரேச்சர் முள் சிவப்புக் கோட்டை நோக்கிப் புறப்பட்டுவிடும். ஓரம்கட்டி, பானெட்டைத் திறந்து, எஞ்சின் ஆறும்வரை குடும்பத்தோடு மேம்பாலத்தை வேடிக்கை பார்க்க வேண்டும். இது ஒன்று. மற்றது பிரேக். பன்றியைப் பிடித்தால் கத்துமே, அப்படி ஒரு சத்தம். எங்கள் தொழிற்சாலைக் காவலாளி என் வண்டி முக்கில் திரும்பும்போதே எழுந்து கேட்டைத் திறந்துவிடுவார். வண்டியைப் பார்க்க வேண்டிய அவசியமே அவருக்கு இருந்ததில்லை.

நான் வேலை பார்ப்பது பம்ப் தயாரிக்கும் தொழிற்சாலையில், தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில். மற்றவர்கள் செய்ததில் குறை கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். அப்படிப்பட்ட நான் மூன்று மெக்கானிக்குகளிடம் போனேன். முதலாமவர் கூலன்ட் மாற்றினார். இரண்டாமவர் தெர்மோஸ்டாட் மாற்றினார். மூன்றாமவர் ரேடியேட்டரைக் கழற்றி, கழுவி, மாட்டிவிட்டு, "இனிமேலும் சூடானா அது வெயிலுதான் சார்" என்றார். பிரேக் சத்தத்துக்கு மூன்று பேருமே ஒரே வைத்தியம் சொன்னார்கள்: "பழகிடும்."

எனக்குப் பழகியும்விட்டது. எப்படி என்று பிறகு சொல்கிறேன்.

என் மனைவி ஸ்டெல்லாவின் அக்காவுக்குக் கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு கிராமத்தில் வீடு. அக்காவுக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருடம் கழித்துப் பெண் குழந்தை பிறந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கோவிலில் ஞானஸ்நானம். ஸ்டெல்லாதான் ஞானத்தாய். அவள் இல்லாமல் சடங்கு நடக்காது. அதனால் சனிக்கிழமை மத்தியானம், எதற்கும் ஒருமுறை காட்டிவிடலாம் என்று உஷ் அண்ணனிடம் வண்டியைக் கொண்டுபோனேன்.

பானெட்டைத் திறக்கப் போனேன். தடுத்துவிட்டார்.

"மொதல்ல நீங்க சொல்லுங்க. எப்போ சூடாகுது?"

"மேடு ஏறும்போது."

"நின்னுட்டிருந்தா?"

"நின்னா ஒண்ணும் ஆகாது."

"சத்தம் எப்போ வருது?"

"பிரேக் மிதிச்சா வருது."

"மிதிக்காதப்போ?"

நான் யோசித்தேன். "மிதிக்காதப்போ எப்படி வரும்?"

அண்ணன் என்னைச் சந்தேகமாகப் பார்த்துவிட்டு, வண்டிக்குள் தலையை நீட்டி ரேடியோவைப் போட்டார். வெல்டிங் பட்டறைக்காரர் வேலையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு அது அலறியது. அண்ணன் அதை அணைத்தார்.

"இவ்ளோ சத்தமா எதுக்கு சார் வெக்கிறீங்க?"

"பிரேக் சத்தம் காதுல விழாம இருக்கிறதுக்கு" என்று உண்மையைச் சொன்னேன்.

"அப்போ பிரேக்க ரேடியோவால ரிப்பேர் பண்ணியிருக்கீங்க." ஒரு பழைய துணியில் நிதானமாகக் கையைத் துடைத்துக்கொண்டார். "பக்கத்து சீட்டுல யாரு உக்காருவாங்க?"

"என் மனைவி."

"அவங்களக் கூட்டிட்டு வாங்க. உங்களால பிரயோசனம் இல்ல."

தரக்கட்டுப்பாட்டு அதிகாரி ஒருவரிடம் சொல்லக்கூடிய வார்த்தையா இது? ஆனாலும் ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போனேன். ஞானஸ்நானத்துக்குப் புடவை மடித்துக்கொண்டிருந்த ஸ்டெல்லாவை அழைத்துவந்தேன். அண்ணன் அவளுக்கு மட்டும் ஸ்டூல் போட்டார்.

"சொல்லும்மா. சத்தம் எப்போ வருது?"

ஸ்டெல்லா ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. "சும்மா போயிட்டிருக்கும்போதே வரும்ணே. மெல்லிசா, கீச்சு கீச்சுன்னு. பிரேக் போட்டா அப்போ மட்டும் பெருசாக் கத்தும். என் கால் பக்கம்தான் வருது. பத்துப் பதினஞ்சு கிலோமீட்டர் போனதும் எதோ தீய்ஞ்ச வாசனை. அதுக்கு அப்புறமேட்டுதான் முள்ளு ஏறும்."

நான் அதிர்ந்துபோனேன். "இதையெல்லாம் ஏன் என்கிட்ட சொல்லல?"

"எட்டு மாசமா சொல்றேன். நீங்க ரேடியோவக் கூட்டுவீங்க."

அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை. அந்த மரியாதைக்கு நான் இன்றும் கடன்பட்டிருக்கிறேன்.

வண்டியை அவர் ஓட்டினார். பக்கத்தில் ஸ்டெல்லா. பின்சீட்டில் நான், வாயைத் திறக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. புறப்படுமுன் ஸ்டியரிங்கைத் தடவி, "ஏனாய்த்தம்மா?" என்று கன்னடத்தில் கேட்டார். என்னம்மா ஆச்சு என்று அர்த்தம். வண்டி பதில் சொல்லவில்லை. ஆனால் நகர்ந்ததும், ரேடியோ இல்லாத அந்தக் காருக்குள், எட்டு மாதமாக நான் கேட்காத சத்தத்தைக் கேட்டேன். கீச்சு. கீச்சு. கீச்சு. சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றுவதற்கு ஒரு கீச்சு.

பத்துக் கிலோமீட்டர் போய்விட்டு ஓர் இறக்கத்தில் அண்ணன் கியரை நியூட்ரலுக்குத் தள்ளி, பிரேக்கிலிருந்து காலை எடுத்தார். வண்டி உருள வேண்டும். உருளவில்லை. செல்லம் கொடுத்து வளர்த்த பிள்ளை மாதிரி அப்படியே நின்றது.

"பாத்தீங்களா?" என்றார்.

"ஆமாங்க, இறக்கத்துலகூட ஓடாது. அவ்ளோ கண்டிஷன்" என்றேன். எனக்கு அது நாள்வரை அதில் ஒரு பெருமை இருந்தது.

அவர் தண்ணீர் பாட்டிலோடு இறங்கினார். ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலும் விரலால் இரண்டு சொட்டுத் தெளித்தார். வலது முன்சக்கரம்: ஒன்றுமில்லை. பின்சக்கரம் இரண்டும்: ஒன்றுமில்லை. இடது முன்சக்கரம்: "சுர்ர்ர்!" தோசைக்கல் மாதிரி ஆவி பறந்தது.

"இதான் சார். இந்த பிரேக்கு பிடிச்சா விடறதே இல்ல. உள்ள பிஸ்டன் துருப்பிடிச்சு இறுகிடுச்சு. நீங்க பெடல விட்டாலும் அது விடாது, உரசிட்டே வரும். அதான் கீச்சு. ஒரு கால இழுத்துக் கட்டிட்டு மல ஏறச் சொன்னா எஞ்சினுக்குக் காய்ச்சல் வராம என்ன பண்ணும்? காய்ச்சல் எஞ்சினுக்கு, வியாதி காலுக்கு. அவங்க மூணு பேரும் காய்ச்சலுக்கே மருந்து குடுத்திருக்காங்க."

இரண்டு கோளாறு என்று நான் நினைத்தது ஒன்றே ஒன்று. மூன்று பேர் பானெட்டைத் திறந்து தேடியது சக்கரத்தில் இருந்தது. மெதுவாக ஓட்டிக் கடைக்குத் திரும்பினோம். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அப்போ திங்கக்கிழமை சரி பண்ணிடலாம். நாளைக்கு ஒரு நாள் மெதுவா ஓட்டிட்டு வந்துடறேன்" என்றேன்.

"நாளைக்கு எங்க?"

"கிருஷ்ணகிரி."

"அதுக்கான சாமான் பெங்களூருலருந்து திங்கக்கிழமைதான் வரும். நாளைக்கு வண்டி போகாது."

"போகுதே! ஏறும்போதுதான சூடாகுது. போகும்போது இறக்கம்தான?"

"இறக்கத்துலதான் சார் நான் பயப்படறேன். சூடு ஏறி ஏறி பிரேக் ஆயில் கொதிச்சிடுச்சுன்னா, பெடல மிதிச்சா பஞ்சு மெத்த மாதிரி உள்ள போகும். வண்டி நிக்காது. முன்னால கன்டெய்னர் லாரி போயிட்டிருக்கும்."

நான் கேட்கிற நிலையில் இல்லை. பதினோரு வருடம் கழித்துப் பிறந்த குழந்தை, மாமியார், ஸ்டெல்லாவின் அக்கா என்று என் கண்முன் வரிசையாக முகங்கள். சத்தம் போட்டேன். என் வண்டி, என் குடும்பம், நான் ஓட்டுவேன், சாவியைக் கொடுங்கள் என்றேன். ஆச்சரியம் என்னவென்றால் அவர் என்னை உஷ் என்று அடக்கவில்லை. முழுக்கக் கேட்டுக்கொண்டார். "சரிங்க சார், மொதல்ல டீ குடிச்சிட்டு வாங்க" என்றார். போய் டீ குடித்துவிட்டு வந்தோம். சாவியை இரண்டு கையாலும் பிடித்து மரியாதையாக நீட்டினார்.

வண்டி ஜாக்கியின் மேல் நின்றது. இடது முன்சக்கரம் இருந்த இடத்தில் வெற்றிடம். நிமிர்ந்து பார்த்தேன். சக்கரம் தகரக் கூரையின் மேல் படுத்திருந்தது. பக்கத்தில் ஏணி இல்லை.

ஸ்டெல்லா அழுவாள் என்று பயந்தேன். அவள் கூரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

"காலைல ஆறர மணிக்கு வீட்டுக்கு வரேன்" என்றார் அண்ணன். "கொழந்தைக்கு நேரத்துக்குப் போயிடலாம்."

சொன்னபடி வந்தார். அவருடைய சின்ன சரக்கு வண்டியில். கழுவித் துடைத்து, பின்னால் ஜமுக்காளம் விரித்து, அதன் மேல் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியைக் கயிற்றால் இறுகக் கட்டி வைத்திருந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. அவருக்கு அப்படி ஒரு நிறம் இருக்கிறது என்பதே அன்றுதான் தெரிந்தது. எங்களோடு இருக்கும் மாமியாரை முன்னால் ஏற்றினார். பட்டுப் புடவையில் ஸ்டெல்லாவும், கோட்டு போட்டுக்கொண்டு நானும் பின்னால் ஏறி, நாற்காலியில் உட்கார்ந்தோம். கோழி ஏற்றிப்போகிற மாதிரி இருந்தது.

"ஏண்ணே, சரக்கு வண்டில ஆளு ஏத்தறது சட்டப்படி தப்பில்லையா?" என்று கேட்டேன். முந்தின நாள் கோபம் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

"தப்புதான் சார். ஆனா பிரேக் இருக்கு."

சூளகிரி இறக்கத்தில் எங்களைச் சுற்றிலும் லாரிகள். முன்னால் போன கன்டெய்னர் ஒன்று திடீரென்று நின்றது. எங்கள் வண்டியும் நின்றது. இருந்த இடைவெளி இரண்டு ஆள் நீளம். நாற்காலி ஆடியது, அவ்வளவுதான். ஸ்டெல்லா என் கையைப் பிடித்துக்கொண்டாள். நேற்று நான் கேட்ட சாவியும் அந்த இரண்டு ஆள் நீளமும் மாறி மாறி மனதில் வந்தன. கிருஷ்ணகிரி வரும்வரை அந்தப் படம் போகவில்லை.

ஒன்பதுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கோவில் வாசலில் இறங்கினோம். அக்கா ஓடிவந்து ஸ்டெல்லாவைக் கட்டிக்கொண்டாள். அண்ணன் வெளியிலேயே இருப்பதாகச் சொன்னார். மாமியார் விடவில்லை, கையைப் பிடித்து இழுத்துப் போய்க் கடைசி வரிசையில் உட்கார வைத்தார். நான் அவரைத் திரும்ப இழுத்து வெளியே விட்டிருக்க வேண்டும்.

சடங்கு தொடங்கியது. குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது. பாதர் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார். ஜனங்கள் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் திரும்பிப் பார்த்தேன். அண்ணன் கண்ணை மூடியிருந்தார். பக்தியில் என்று நினைத்தேன். பிறகு தலை வலது பக்கம் சாய்ந்தது. விரல் உயர்ந்தது.

"உஷ்!"

கோவில் முழுக்க நிசப்தம். பாதர் நிறுத்திவிட்டார். ஜனங்கள் நிறுத்திவிட்டார்கள். எல்லாவற்றுக்கும் மேல், குழந்தை நிறுத்திவிட்டது. அந்த அமைதியில் மேலேயிருந்து கேட்டது: கிர்ரக்... கிர்ரக்... கிர்ரக்...

"மன்னிச்சுக்குங்க சாமி" என்றார் அண்ணன் எழுந்து. "அந்த மூணாவது ஃபேன். பேரிங் போயி ஆட ஆரம்பிச்சிடுச்சு. கீழ உக்காந்திருக்கவங்க மட்டும் கொஞ்சம் தள்ளி உக்காருங்க."

மூன்றாவது மின்விசிறிக்கு நேர் கீழே இருந்தது ஞானஸ்நானத் தொட்டி. அதன் பக்கத்தில் குழந்தையோடு ஸ்டெல்லா.

பாதர் அண்ணாந்து பார்த்தார். மைக்கை அணைக்க மறந்து, "ரெண்டு வருஷமா நானும் இதத்தான் சொல்லிட்டிருக்கேன், ஒருத்தரும் காதுல வாங்கல" என்றார். அது கோவிலுக்கு வெளியே நின்றவர்களுக்கும் கேட்டது. ஃபேனை நிறுத்தினார்கள். சடங்கு வேர்வையோடு நடந்து முடிந்தது. குழந்தை தலையில் தண்ணீர் பட்டபோதுகூட அழவில்லை. கடைசி வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தது.

பந்தியில் பிரியாணி பரிமாறினார்கள். அண்ணனைக் காணவில்லை. தேடிப்போனேன். கோவிலுக்குள் ஏணி மேல் நின்றுகொண்டு, வெள்ளைச் சட்டையைக் கழற்றி ஒரு நாற்காலியில் மடித்து வைத்துவிட்டு, ஃபேனை இறக்கிக்கொண்டிருந்தார். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தவர் பாதர்.

"சாப்பிட்டு வந்து பாக்கலாம்ணே" என்றேன்.

"சாயந்தரம் பூசைக்கு ஜனம் வருமாம் சார்" என்றார் மேலேயிருந்து.

திங்கட்கிழமை சாமான் வந்தது. பிஸ்டனைச் சரிசெய்து, பிரேக் கட்டைகளையும் மாற்றிக் கொடுத்தார். அதற்குப் பிறகு சூளகிரி மேட்டில் டெம்பரேச்சர் முள் பாதியைத் தாண்டியதில்லை. மறுநாள் தொழிற்சாலைக்குப் போனபோதுதான் ஒரு சங்கடம். சத்தமே இல்லாமல் போய் நின்றதால் காவலாளி கேட்டைத் திறக்கவில்லை. உள்ளே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். முதன்முறையாக நான் ஹாரன் அடிக்க வேண்டியிருந்தது.

இப்போது எனக்குக் கம்பெனி பஸ் வந்துவிட்டது. கார் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வெளியே வரும். மூன்று வருடமாக அதில் ஒரு குறையும் இல்லை. குறை இல்லாவிட்டால் மெக்கானிக்கிடம் எதைச் சொல்லிக்கொண்டு போவது? போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஸ்டெல்லாவிடம்கூடச் சொல்லாமல், தளி ரோட்டுக்கு வண்டியை விட்டேன்.

"என்ன சார் கம்ப்ளெயின்ட்டு?" என்றார்.

"ஒரு மாதிரி சத்தம் வருதுண்ணே."

"எங்க வருது?"

"சரியாத் தெரியல."

"எப்போ வருது?"

"எப்பவாச்சும்."

வேறு யாராவது இப்படிப் பதில் சொல்லியிருந்தால் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு துரத்தியிருப்பார். என் முகத்தை ஒரு நிமிடம் பார்த்தார். கையைத் துடைத்துக்கொண்டு, கடைக் கதவைப் பாதி சாத்திவிட்டு, பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்தார். கண்ணாடியை இறக்கிவிட்டுக் காற்று வாங்கியபடி வந்தார். கெலமங்கலம் வந்துவிட்டது. ரோஜாத் தோட்டங்களைப் பற்றிப் பேசினோம். அக்காவின் குழந்தை பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டதைச் சொன்னேன். வண்டியைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

"திரும்பிடலாமாண்ணே?" என்று கேட்டேன்.

"இன்னும் சத்தம் வரலையே சார்" என்றார். "தேன்கனிக்கோட்ட வரைக்கும் போயிப் பாத்தாத்தான் தெரியும்."

போனோம்.